கொள்ளையும் தொற்றும்: கரிசலில் நோய்ப்பயம் பற்றிச் சில குறிப்புகள்

1

எங்கள் ஆச்சிக்குக் கோபம் வந்தால் வாயில் வருகிற வசவு இரண்டுதான். ‘கொள்ளையில போவான்’. அதுக்கும் ஆத்திரம் அடங்காவிட்டால் ‘கழிச்சல்ல போவான்’. கோவில்பட்டியைச் சுற்றின கரிசல் கிராமங்களில் பேரனையும் மாட்டையும் பெய்யாத மழையையும் ஒரே மாதிரி வைகிற சொற்கள் இவை. தமிழ் எம்.ஏ. படிக்கப் போன பிறகுதான் இவற்றைக் காதுகொடுத்துக் கேட்டேன். வாந்திபேதி கண்டவர்கள் கழிந்து கழிந்து செத்த ஒரு நூற்றாண்டு அந்த வசவுக்குள் கிடக்கிறது. ஆச்சிக்கு அது ஞாபகம். எனக்கு 2020 வரைக்கும் அது வெறும் வசவு.

‘கொள்ளை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சூறையாடல் ஒன்று, ஊரோடு ஆட்களைக் கொண்டுபோகும் நோய் மற்றொன்று. இந்தச் சொல்லில் நோய்தான் குற்றவாளி, நோயாளி பறிகொடுத்தவன். 2020இல் நம் பத்திரிகைகளும் அரசும் ‘பெருந்தொற்று’ என்ற சொல்லைப் பரவலாக்கின. இது நோயை ஒட்டிக்கொள்ளுதலாக, தொடுதலாகப் பார்க்கிறது. மருத்துவ அர்த்தத்தில் இது சரியான சொல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தீண்டல், தீட்டு, தீண்டாமை என்று தொடுதலைச் சுற்றி ஒரு பெரிய சொல்வரிசையை வைத்திருக்கிற சமூகத்தில் அந்தச் சொல் தனியாக வந்து இறங்கவில்லை. தொட்டவன் யார், எங்கிருந்து வந்தவன், எந்தத் தெருக்காரன் என்ற கேள்விகளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. 

ஒரு நோய் பரவத் தொடங்குகிற முதல் சில வாரங்களில் ஜனங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன். அந்த வாரங்களில் நோயைப் பற்றி யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தை ஏற்கனவே தெரிந்ததைக் கொண்டுதான் நிரப்புகிறோம். ஆகவே ஒரு சமூகம் தன்னைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற காலம் அது.

2

இந்தச் சீமையில் நோயைப் பற்றிய அரசாங்க எழுத்து மிகவும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. 1809 முதல் 1811 வரை திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் ஒரு காய்ச்சல் பரவி ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. பாஞ்சாலங்குறிச்சி கடைசியாக விழுந்து பத்து வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கும்பினி அரசாங்கம் வைட்லா ஐன்ஸ்லி முதலான மூன்று மருத்துவர்களைக் கொண்ட ஒரு குழுவைப் போட்டது. அவர்கள் காற்றிலும் ஈரத்திலும் பருவ மாற்றத்திலும் காரணம் தேடினார்கள். நுண்ணுயிரி பற்றிய அறிவு வராத காலம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தை அளந்து வரி போட்ட அதே கை, இப்போது நிலத்தின் ‘கெட்ட காற்றை’யும் அளக்கிறது.

பிறகு காலரா. 1817இல் வங்காளத்தின் ஜெசூரில் வெடித்து, படைகளோடும் வணிகர்களோடும் யாத்ரீகர்களோடும் நடந்து, 1818இல் சென்னை மாகாணத்துக்குள் வந்தது. அது தண்ணீரில் வருகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ வாதாடியது 1850களில். கோக் கல்கத்தாவில் கிருமியைப் பிரித்தெடுத்தது 1884இல். அதுவரை, அதற்குப் பின்னாலும், கரிசல் ஜனங்களுக்கு அது அம்மன் வருகைதான். கோடையில் ஊருணி வற்றிச் சேறும் தண்ணியுமாகக் கிடக்கிறபோது நோய் வரும். கரிசல் கிணற்றில் பாதிக்கு மேல் உப்புத்தண்ணி. இருக்கிற ஒன்றிரண்டு நல்ல தண்ணிக் கிணற்றில் யார் இறைக்கலாம், யார் ஒதுங்கி நின்று குடத்தில் ஊற்றி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் நோய்க்கு முன்னாலேயே முடிவாகியிருந்தது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பங்குழை சொருகுவார்கள். அதுவும் ஓர் அறிவிப்புத்தான்: இந்த வீட்டுக்குள் வராதே. ஆனால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்பதுதான் அதற்கு வாசகம். உள்ளே படுத்திருப்பவர் குற்றவாளி ஆகமாட்டார். ஒரு விருந்தாளியைச் சுமக்கிறவர். ஏற்கனவே அம்மை கண்டு தேறியவர்கள் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். நாட்டார் மரபைக் கொண்டாடுகிற நம் நண்பர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்த விரும்பவில்லை. சென்னை பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் 1916இல் வெளியிட்ட தென்னிந்திய கிராம தெய்வங்கள் பற்றிய நூலில் எல்லைச் சடங்குகள் நிறைய பதிவாகியிருக்கின்றன. நோயை எல்லை தாண்டி விட்டுவிட்டு வருவது அவற்றில் முக்கியமானது. எல்லைக்கு அந்தப்பக்கம் இருப்பது இன்னோர் ஊர். நம் தெய்வம் நம்மைக் காப்பாற்ற அடுத்த ஊரில் நோயை இறக்கிவைக்கிறது. எல்லைக்குக் கொண்டுபோகிற வேலையும் பிணம் தூக்குகிற வேலையும் யாருடையது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

3

1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும் பிரிட்டிஷ் அரசு 1897இல் கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாலே நாலு பிரிவு. அரசு எந்த ஒழுங்குமுறையையும் விதிக்கலாம். மீறினால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவுப்படி தண்டிக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்த எந்தக் காரியத்துக்காகவும் அதிகாரிகள்மேல் வழக்குப் போட முடியாது. கடைசியாகச் சொன்னதுதான் நாலாவது பிரிவு. புனேயில் பட்டாளம் வீடுவீடாகப் புகுந்து சோதனை போட்டது. அந்த ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

நம் மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் வந்தது. நோய்ப்பகுதியிலிருந்து வருகிறவர் அதை வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் குறிப்பிட்ட நாட்களுக்கு அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்திவைத்துச் சோதிக்கிற முகாம் தட்டப்பாறையில் இருந்தது. 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போயிற்று. பஞ்சம் பிழைக்கப் போன கரிசல்காட்டு ஜனங்களின் உடம்பை முதன்முதலாக அரசு துணியவிழ்த்துப் பார்த்தது இப்படித்தான். முகாம் கூலிக்கு, தோட்டத்துத் துரைக்கு அது கிடையாது.

1918 ஜூனில் இன்ஃபுளூயன்சா பம்பாயில் இறங்கியது. இந்தியா முழுவதும் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை செத்திருக்கலாம் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அந்த வருஷம் பருவமழையும் பொய்த்தது; போர்க்கால விலைவாசி வேறு. செப்டம்பரில் சென்னையிலும் மாகாணத்தின் வேறு ஊர்களிலும் ஜனங்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். ‘கொள்ளை’யின் இரண்டு பொருளும் ஒரே வருஷத்தில் நடந்தன. இவ்வளவு பெரிய சாவு ஆச்சியின் வாயில் ஒரு வசவைக்கூட விட்டுவைக்கவில்லை. வருஷாவருஷம் வந்த கழிச்சல் சொல்லாக நின்றது. ஒருமுறை வந்து வாரிக்கொண்டு போனது மறந்துபோயிற்று. நம் மறதிக்கும் ஒரு வரலாறு எழுத வேண்டும்.

4

2020 மார்ச் 7இல் தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி. 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கைதட்டல். எங்கள் ஊரில் தட்டும் கரண்டியும் எடுத்து அடித்தார்கள். பேயை விரட்டுகிற தாளம் அது. 24ஆம் தேதி மாலையிலிருந்து மாநிலத்தில் 144, நள்ளிரவிலிருந்து நாடெங்கும் ஊரடங்கு. தீப்பெட்டி ஆபீஸ்கள் மூடின. வாரக்கூலியை நம்பியிருந்த பெண்கள் அடுத்த சனிக்கிழமைக்கு என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் கிராமத்து ரோட்டில் முள் போட்டார்கள். வேலிக்கருவை வெட்டி இழுத்துவந்து ரோட்டை மறித்து ‘வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது’ என்று அட்டை கட்டினோம். ‘கட்டினோம்’ என்று தன்மையில்தான் எழுத வேண்டும். நானும் போய் முள் வெட்டினேன். அட்டையில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்ததும் தமிழ் படித்த நான்தான்.

வெளியாள் யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. மாத முடிவில் டெல்லி தப்லீக் மாநாட்டுச் செய்தி வந்ததும் வெளியாள் முஸ்லிம் ஆனார். அரசின் தினசரி அறிக்கையில் ‘ஒரே இடத்திலிருந்து’ என்ற தொடர் வந்தது. மதத்தைச் சொல்லாமல் மதத்தைச் சுட்டுகிற சொல்லாடல் அது; எல்லோருக்கும் புரிந்தது. திருநெல்வேலியில் மேலப்பாளையத்தை அடைத்தார்கள். எங்கள் பக்கம் வருஷக்கணக்காகச் சைக்கிளில் வந்துபோன ஒரு பாய் வியாபாரி அந்த வருஷம் பூராவும் வரவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மே மாதம் வெளியாள் எங்கள் சொந்தக்காரரே ஆனார். மராட்டியத்திலிருந்து திரும்பியவர்கள். பஞ்சமும் சாதியும் துரத்தித் தாராவிக்குப் போன திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். நெல்லைக்குள் வந்தவர்களைக் கங்கைகொண்டானில் நிறுத்திச் சோதித்தார்கள். அரசு அட்டவணையில் இவர்களுக்குத் தனி வரிசை: வெளிமாநிலத்திலிருந்து வந்தோர். எங்கள் ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். சோதனையில் நோய் இல்லை என்று வந்த பிறகும் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. ‘நம்ம புள்ளைகதானப்பா’ என்றார் ஒரு பெரியவர். ‘புள்ளை நம்ம புள்ளைதான் மாமா, நோய் நம்மளதா?’ என்று பதில் வந்தது. குடத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அந்தக் கைக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை. சர்க்கார் அப்போது அதற்குச் ‘சமூக இடைவெளி’ என்று பெயர் வைத்திருந்தது.

மிஷெல் ஃபூக்கோ சிறையின் தோற்றம் பற்றிய நூலில் இரண்டு மாதிரிகளைப் பிரித்துக் காட்டுகிறார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஒன்று. பிளேக் கண்ட ஊரைத் தெருத்தெருவாக, வீடுவீடாகக் கட்டம் போட்டு ஒவ்வோர் உடலையும் பதிவு செய்து கண்காணிப்பது மற்றொன்று. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டும் ஒன்றோடொன்று சேர்வதாகச் சொல்கிறார். நமக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை. ஊர் என்றும் சேரி என்றும் வெளியே தள்ளியதும் சாதிதான். தெருவாரியாகக் கட்டம் போட்டு வைத்திருப்பதும் சாதிதான். நோய் வரும்போது நாம் புதுக்கோடு எதுவும் போடுவதில்லை. இருக்கிற கோடுகள் தடிக்கின்றன. கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் வேப்பங்குழையின் இடத்துக்கு வந்தது. ஆத்தா போய்விட்டாள், முகவரி மட்டும் மிஞ்சியது.

அந்த ஏப்ரல் கடைசியில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மிட்டாய் எந்த மண்ணைச் சேர்ந்தது என்று சான்று வந்த சமயத்தில், மனுஷன் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டு நின்றான். பிளேக் பாஸ்போர்ட்டின் பேரப்பிள்ளை அது.

5

ஏப்ரல் 19இல் சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. அந்த மாதமே, புதைப்பதைத் தடுப்பது குற்றம் என்று மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டிவந்தது. நாமெல்லாம் கண்டித்தோம். ‘படித்த சென்னைக்காரனே இப்படியா’ என்று என் சக சிற்றிதழ்க்காரர்கள் கேட்டார்கள். முள் வெட்டிய கையோடு நானும் கேட்டேன்.

அதே மாதம் இன்னொரு வீடியோ சுற்றியது. திருப்பூர்ப் பக்கம் முகக்கவசம் போடாத வாலிபர்களைப் போலீசார் பிடித்து, கொரோனா நோயாளி மாதிரி ஒருவரைப் படுக்கவைத்த ஆம்புலன்ஸுக்குள் ஏற்றினார்கள். பயந்து ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்தார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. தோப்புக்கரணம், லத்தியடி என்று தினம் ஒரு காட்சி. ‘நல்லா ரெண்டு போடட்டும், அப்பத்தான் அடங்குவானுக’ என்று டீக்கடை இல்லாத அந்த நாட்களில் வாட்ஸப்பில் சொன்னோம். லத்திக்கு நாம் கொடுத்த சம்மதம் அது. நூறு பேர் சிரித்தால் ஒரு சட்டத்திருத்தத்துக்குச் சமம்.

ஜூன் 19. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும், அனுமதித்த நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீஸ் பிடித்தது. இரவு முழுக்க நிலையத்தில் அடி. மறுநாள் ரிமாண்ட். அவர்களைக் கொண்டுவந்து அடைத்தது சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, எங்கள் கோவில்பட்டிக் கிளைச் சிறையில். 22ஆம் தேதி இரவு மகனும் 23 அதிகாலையில் அப்பாவும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் விசாரித்தார். பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சாமல் சாட்சி சொன்னார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. கைதான போலீசாரில் ஒருவர் ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தார்.

கோவில்பட்டியில் அந்த வாரம் கொரோனாவைப் பற்றி யாரும் பேசவில்லை. சிரித்த வீடியோக்களைச் சத்தமில்லாமல் அழித்தார்கள். அப்பாவும் மகனும் கொள்ளைநோயில் சாகவில்லை; கொள்ளைநோயின் பெயரால் லத்திக்குக் கிடைத்த அதிகாரத்தில் செத்தார்கள். அந்த அதிகாரத்தில் பாதி 1897இலிருந்து வந்தது. மீதிப் பாதி மார்ச் மாதத்தில் நம் தெருவிலிருந்து போனது.

நோய் ஒட்டும், விலகி இருப்பது அவசியம், தடுப்பூசி உயிரைக் காப்பாற்றியது. இதையெல்லாம் மறுக்கிற ஆள் நான் இல்லை. விலகச் சொல்கிறவர் யார், விலக வேண்டியவர் யார், விலகியவருக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற மூன்றையும் நாம் கேட்காமல் விட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதில் முதல் பிரதிவாதி நான்.

அந்த வேலிக்கருவை முள் ரோட்டோரத்தில் ரொம்ப நாள் கிடந்தது. கடைசியில் யாரோ அடுப்பெரிக்க எடுத்துப்போனார்கள். அட்டையை மட்டும் நான் எடுத்துவந்து வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. அடுத்த நோய் வரும்போது அதைத் தெருவில் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால், தாராவியிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் கிடந்த அந்த வீட்டுக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்னும் போகவில்லை.