நுழைவுச்சீட்டும் பார்வையாளரும்

மைதான வேலியோரம் நின்று உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர் நாம். காசு கொடுத்துப் பார்க்கும் இங்கிலாந்து மக்களின் வரலாறொன்று எமக்கும் பாடமாகும்.

2016ஆம் ஆண்டு லிவர்பூல் கழகம், அடுத்த பருவத்தின் அதியுயர் நுழைவுச்சீட்டு விலையை 77 பவுண் ஆக்க முற்பட்டது. பெப்ரவரி 6ஆம் நாள் சண்டர்லாந்து அணியுடன் நடந்த ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினர். 2-0 என முன்னின்ற லிவர்பூல், ஈற்றில் 2-2 எனச் சமநிலையே கண்டது. நான்கு நாட்களில் கழகம் மன்னிப்புக் கோரி விலையேற்றத்தைக் கைவிட்டது.

அதே ஆண்டு யூன் 18இல், இந்திய உதவியுடன் புதுக்கப்பெற்ற யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. அத்தகைய அரங்குகளில் சீட்டின் விலை ஏழைச் சிறுவனை வாயிலில் நிறுத்துமாயின், நாளைய ஆட்டக்காரனை நாமே இழந்தவராவோம். விலை குறிப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.