'உலர்' என்ற ஒரு சொல்: கோதாவரிக் கழிமுகத்தின் எரிவாயுக் குழாய் வரலாறு

1995 ஜனவரி 8 அன்று கோதாவரிக் கழிமுகத்தின் பாசர்லபூடியில் ஓ.என்.ஜி.சி.யின் கிணறு ஒன்று வெடித்தது. தீ அணைய இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. அப்பெருந்தீ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதே வட்டாரத்தின் நிலத்தடிக் குழாய்களில் நேர்ந்த சிறு கசிவுகளுக்கோ பெயருமில்லை, நாளுமில்லை. 2014 ஜூன் 27 அதிகாலையில் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் நகரம் என்னும் ஊரில் (பெயரில் மட்டுமே நகரம்) கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் வெடித்து, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே அவை கவனம் பெற்றன.

எரிவாயுக் குழாயில் எண்ணெய் எவ்வாறு வருகிறது? கிணற்றிலிருந்து வரும் வாயுவோடு நீராவியும் கனமான ஹைட்ரோகார்பன்களும் கலந்தே வரும். குழாயில் குளிர்ந்ததும் இவை திரவமாகித் தாழ்வான இடங்களில் தேங்குகின்றன. எண்ணெய்ப் பகுதி 'கண்டன்சேட்' எனப்படும். பெட்ரோலைப் போல விரைந்து ஆவியாவது. நீர்ப்பகுதி கரியமில வாயுவைக் கரைத்து அமிலத் தன்மை பெற்று, குழாயின் அடிப்புறத்தை உள்ளிருந்தே அரிக்கும். 'பிக்' என்னும் கருவியைக் குழாய்க்குள் செலுத்தி இத்திரவத்தைத் தள்ளி வெளியேற்றுவது வழக்கம். மறுமுனையில் எவ்வளவு திரவம் வந்தது, அதில் துரு எவ்வளவு என்று பார்ப்பதும் ஆய்வின் ஒரு பகுதியே.

தாட்டிபாக்கா–கொண்டபள்ளிக் குழாய் உலர்வாயுவுக்கென வடிவமைக்கப்பட்டது என்றும், நீரும் கண்டன்சேட்டும் கலந்த ஈரவாயுவே அதில் சென்றது என்றும், வாயுவை உலர்த்தும் அமைப்பு நிறுவப்படவில்லை என்றும் பெட்ரோலிய அமைச்சகத்தின் விசாரணைக் குழு கண்டறிந்தது.

இங்கே 'உலர்' என்பது வெறும் அடைமொழி அன்று. குழாயை எவ்வாறு பராமரிப்பது, எதை எதிர்பார்ப்பது என்பவற்றை முடிவுசெய்த வகைப்பாடு அது. உலர்ந்த வாயு செல்லும் குழாயில் உள்ளரிப்பு பெரிய கவலையன்று. ஆகவே அத்தகைய குழாயினருகே மண்ணில் ஓர் எண்ணெய்க் கறை தென்பட்டால், அது அந்த வகைப்பாட்டையே மறுக்கும் சான்று. ஆனால் சிறு கசிவுக்குரிய நடைமுறையோ கறைபட்ட மண்ணை அள்ளுதல், துளையின்மேல் பட்டை இறுக்குதல் என்பதோடு நின்றுவிடக்கூடும். மீதிக் கறையும் விரைவில் ஆவியாகிவிடும். துப்புரவு முடியும்போது சான்றும் மறைந்துவிடுகிறது. குழாய்ச் சுவரின் கனத்தை அங்கேயே அளந்து பதிவுசெய்தாலன்றி, அடுத்த கசிவும் முதற்கசிவாகவே எண்ணப்படும்.

வாயு வாடை பற்றி முன்பே முறையிட்டதாக நகரம் ஊரார் கூறினர். அன்று காலை பரவி நின்ற வாயுவைப் பற்றவைத்தது ஒரு தேநீர்க்கடையின் அடுப்பு என்று செய்திகள் வந்தன.