வீழ்ச்சி தாங்கும் டோர்ச் (மட்டக்களப்பு வாவிப் பகுதி)

வீழ்ச்சி தாங்கும் டோர்ச் என்பது கெட்டியான தரையில் விழுந்த பின்னரும் உடையாமல், அணையாமல், நீர் புகவிடாமல் எரியும்படி அமைக்கப்பட்ட கைமின்விளக்கு. இலங்கையின் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் இரவில் மீன்பிடிப்போரும், வட்டையில் (வயல்வெளியில்) காவல் இருப்போரும், யானை நடமாடும் பாதையில் செல்வோரும் இதை அன்றாடம் பயன்படுத்துகின்றனர். இங்கு டோர்ச் தவறி விழும் இடம் பெரும்பாலும் தண்ணீரை ஒட்டியே இருக்கிறது. அந்தத் தண்ணீரும் உவர்நீர். எனவே எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து பிழைக்கும் என்பதோடு, விழுந்த பிறகும் நீரைத் தடுக்குமா என்பதும் தெரிவின் முதன்மை அளவுகோலாகிறது.

இடமும் தேவையும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் வழியே கடலோடு கலக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மக்கள் நெருக்கமான மணற்பாங்கான நிலம். மேற்கே படுவான்கரை உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரில் விளையும் நெல்வயல் பூமி.

தோணியில் செல்வோருக்கு இரு கைகளும் வலையிலும் தண்டிலும் இருக்கும். இறால் இரவில் இயங்கும் உயிரினம் என்பதால் அதைப் பிடிப்பதும் பெரும்பாலும் இரவு வேலையே. வயலில் நீர் திருப்பவோ காவலுக்கோ செல்வோருக்கு வரம்பில் கிடக்கும் கண்ணாடி விரியன் கண்ணில் பட வேண்டும். இதற்குக் காலடியில் விரிந்து விழும் ஒளி போதும். வெல்லாவெளியை மையமாகக் கொண்ட போரதீவுப்பற்று போன்ற யானைத் தொல்லை மிகுந்த பிரிவுகளில் தூரத்தே பாயும் ஒளி தேவைப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டு, எல்லா வீடுகளிலும் டோர்ச்சின் தேவையை உணர்த்தியது.

வரலாறு

உருளை வடிவக் கைவிளக்குக்கான காப்புரிமை டேவிட் மிசெல் என்பவருக்கு 1899 ஜனவரி 10இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. அந்தக் காப்புரிமையை அவரிடமிருந்து பெற்ற நிறுவனமே பின்னர் எவரெடி என்ற பெயரில் அறியப்பட்டது. தகர உடலும் இரண்டு பெரிய பற்றரியும் கொண்ட டோர்ச் இலங்கைக் கிராமங்களில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. போர்க்காலத்தில், வடக்கு கிழக்கில் அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் டோர்ச் பற்றரியும் ஒன்று. 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த மேக்லைட், கடைந்தெடுத்த அலுமினிய உடலைப் பரவலாக்கியது. வெள்ளை எல்இடி வந்தபின், விழுந்தவுடன் அறுந்துபோகும் டங்ஸ்டன் இழை வழக்கொழிந்தது.

விழும்போது நடப்பது

ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் எந்த டோர்ச்சும் நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீற்றர் வேகத்தில் தரையைத் தொடும். வேகம் ஒன்றே ஆனாலும் ஆற்றல் எடையைப் பொறுத்தது: 400 கிராம் டோர்ச் சுமார் 6 ஜூலையும், 130 கிராம் டோர்ச் 2 ஜூலுக்குச் சற்றுக் குறைவாகவும் உள்வாங்க வேண்டியிருக்கும். விழும் தரை அதைவிட முக்கியம். மூன்று சென்ரிமீற்றர் சேற்றில் புதைந்து நிற்கும் டோர்ச் புவியீர்ப்பைப் போல் சராசரியாக 50 மடங்கு அதிர்ச்சியை உணர்கிறது. கொங்கிறீற்றில் ஒரு மில்லிமீற்றருக்குள் நின்றால் அது 1500 மடங்கு. வயலில் பலமுறை விழுந்து பிழைத்த விளக்கு மதகுக் கட்டில் ஒரே வீழ்ச்சியில் கெடுவது இதனாலேயே.

எல்இடி டோர்ச்சில் எல்இடி கெடுவது அரிது. பற்றாசு வைத்த இணைப்புகள் விரிசல் காண்பதும், சுவிட்ச் தளர்வதும், முன்கண்ணாடி உடைவதுமே வழக்கமான சேதங்கள். உள்ளிருக்கும் பற்றரியே மிகக் கனமான பாகம் என்பதால், விழும்போது அது சுத்தியலாக மாறி முன்னாலுள்ள மின்சுற்றுப் பலகையை இடிக்கிறது. முன்னும் பின்னும் சுருள்வில் கொண்ட அமைப்பு இந்த இடியை வாங்கிக்கொள்ளும். மின்தொடர்பு கணநேரம் அறுந்து விளக்கு அணைவதையும் குறைக்கும்.

தர எண்களை வாசித்தல்

டோர்ச்சுகளுக்கான எஃப்எல் 1 என்ற அமெரிக்கத் தர அளவு 2009இல் வெளியானது. அதன்படி வீழ்ச்சிச் சோதனையில் பற்றரியுடன் கூடிய டோர்ச், கொங்கிறீற்றின் மேல் ஆறு வெவ்வேறு நிலைகளில் போடப்படும். விரிசல் தெரியக்கூடாது, விளக்கும் எரிய வேண்டும். நீர்ச் சோதனை இதற்குப் பிறகே செய்யப்படுகிறது என்பது வாவிப் பகுதியினர் கவனிக்க வேண்டிய விதி. இந்தத் தர அளவைக் குறிப்பிடாமல் ‘நீர்புகா’ என்று மட்டும் அச்சிட்ட பெட்டி, விழாத புது விளக்கைப் பற்றியே பேசக்கூடும்.

ஐபிஎக்ஸ் 4 என்பது தெறிக்கும் நீரையும், ஐபிஎக்ஸ் 7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிட அமிழ்வையும் தாங்குவதைக் குறிக்கும். மழைக்கு முதலாவது போதும். தோணிக்கு இரண்டாவது வேண்டும். இரண்டுமே நன்னீரில் சோதிக்கப்படுபவை.

ஒளித் தூரம் என்பது 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவின் அளவு வெளிச்சம் எஞ்சும் தொலைவு. பெட்டியில் 200 மீற்றர் என்றிருந்தால் 100 மீற்றரில் கிடைப்பது ஒரு லக்ஸ். யானையைத் தெளிவாக அடையாளம் காண அச்சிட்ட தூரத்தை நம்பாமல் அதன் பாதியைக் கணக்கில் கொள்வது பாதுகாப்பு. எரியும் நேரமும் ஒளி முழுமையாக இருக்கும் நேரமன்று. தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம்.

உடலும் பற்றரியும்

அலுமினிய உடல் நசுங்குமே தவிர எளிதில் உடையாது. நைலோன், பொலிகார்பனேற் போன்ற பிளாஸ்டிக்குகள் அடியை வாங்கி மீள்பவை; துருவும் பிடிப்பதில்லை. விலை மலிந்த கடினப் பிளாஸ்டிக் திருகுமரையில் முதலில் வெடிக்கும். முன்கண்ணாடியைவிடச் சற்று வெளியே நீண்ட வளையமோ ரப்பர் விளிம்போ இருந்தால் முகங்குப்புற விழும்போது கண்ணாடி தப்பும். ஒளிக்குவியலை மாற்ற முன்பின் இழுபடும் தலை கொண்டவற்றில் அந்த அசையும் இடுக்கே நீர் புகும் வழி.

சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் செய்யும் டோர்ச் வீட்டுக்கு ஏற்றது. அதன் பிளக் ஊசித் துவாரங்கள் வாவிக்கு ஏற்றவை அல்ல. 18650 வகை லித்தியம் பற்றரி குறைந்த எடையில் நிறைந்த ஆற்றல் தருவது, ஆனால் சார்ஜ் செய்ய மின்சாரம் வேண்டும். ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண பற்றரியில் எரியும் டோர்ச் ஒன்றைக் கூடவே வைத்திருப்பது வெள்ளக் காலத்துக்கு உதவும்.

உவர்நீரும் பராமரிப்பும்

மூடி மரையில் தங்கும் உப்பு, அலுமினியமும் இரும்புக் கிளிப்பும் தொடும் இடத்தில் அரிப்பைத் தொடக்குகிறது. வாவி நீர் பட்ட டோர்ச்சை மூடியபடியே நன்னீரில் கழுவி, துடைத்த பின்னரே திறக்க வேண்டும். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிறீஸ் இடலாம். பெற்றோலிய எண்ணெய் சில ரப்பர்களை ஊதச் செய்யும். அலுமினிய டோர்ச் நீரில் மூழ்குவது என்பதால், தோணியில் கைவார் கட்டாயம். மிதக்கும் பிளாஸ்டிக் வகையும் அங்கு பொருந்தும்.

பலமாக விழுந்த டோர்ச் எரிகிறது என்பதாலேயே நலமாக இருக்கிறது என்று கொள்ளக்கூடாது. பற்றரியைக் கழற்றி, உள்ளே உலர்ந்த காகிதச் சுருளை வைத்து மூடி, வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தினால் கசிவு தெரிந்துவிடும். காகிதம் நனைந்தால் அந்த டோர்ச் இனி வீட்டுக்குள் மட்டும் பயன்படும். லித்தியம் பற்றரி நசுங்கியோ வீங்கியோ இருந்தால் அதை மீண்டும் சார்ஜ் செய்யாமல் அகற்ற வேண்டும்.