சுமையிலாப் பயணி

போர்கள் உடன்படிக்கைகளோடு முடிந்துவிடுவதில்லை. திரும்பி வராதவர்களும், வந்தும் தம்மை அறியாதவர்களும் அவற்றை நெடுங்காலம் நீடிக்கச் செய்கின்றனர். பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயி இயற்றிய ‘சுமையிலாப் பயணி’ எனும் நாடகமும், அவரே நெறிப்படுத்திய அதன் திரைவடிவமும் இவ்வுண்மைக்குச் சான்றாவன.

1918 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் முதலாந் திகதி, யேர்மனியிலிருந்து மீண்ட பிரெஞ்சுக் கைதிகளுள் ஒருவன் லியோன் நகரப் புகையிரத நிலையத்தில் நினைவிழந்த நிலையிற் காணப்பட்டான். அவன் வாயிற் குழறிய ஒலியைக் கொண்டு அந்தெல்ம் மாஞ்சன் எனப் பெயர் பதிந்து, ரொடே நகர மனநோய் மருத்துவமனையில் அவனை வைத்தனர். அப்போரிற் காணாமற்போன பிரெஞ்சு வீரர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோராவர். ஆதலின் அவனது புகைப்படம் பத்திரிகைகளில் வெளிவந்ததும், தம் மகன் என்றும் கணவன் என்றும் பல குடும்பத்தினர் அவனுக்கு உரிமை கோரினர்.

அனூயியின் நாடகத்துக்கு வித்திட்டது இவ்வரலாறே என்பர். அது 1937 பெப்ருவரியிற் பாரிசில் அரங்கேறிற்று. அதன் தலைவன் கஸ்தோன் பதினெட்டாண்டுகள் நினைவின்றி வாழ்ந்தவன். ஒரு செல்வக் குடும்பம் அவனைத் தன் மகனென இனங்காண்கிறது. ஆயின் அம்மகனோ உயிர்களை வதைத்தவன், நண்பனை முடமாக்கியவன், தமையன் மனைவியைக் கவர்ந்தவன். அவன் முதுகிலுள்ள சிறு வடுவொன்று அவனே அம்மகன் என உறுதிப்படுத்துகிறது. அவ்வுண்மையை அறிந்தும் கஸ்தோன் அதனை ஏற்க மறுக்கிறான்; சுற்றத்தார் அனைவரையும் கடலிலே இழந்த ஆங்கிலச் சிறுவனொருவனின் உறவினனாகத் தன்னைக் கூறிக்கொண்டு புதுவாழ்வை நாடுகிறான்.

மெய்வாழ்வின் மாஞ்சனுக்கோ அத்தெரிவு வாய்க்கவில்லை. அவன் ஒக்தாவ் மொன்ஜுவன் என நீதிமன்றம் 1937 இலே தீர்ப்பளித்தது. எனினும் வீடு சேருமுன் தந்தையும் உடன்பிறந்தானும் இறந்தனர். 1942 செப்தெம்பரில், யேர்மனியரின் பிடியிலிருந்த பாரிசின் சென்ற் ஆன் மருத்துவமனையில் அவன் உயிர்நீத்தான். ஆக்கிரமிப்பு ஆண்டுகளிலே பிரான்சின் மனநோய் மருத்துவமனைகளிற் பசியாலும் பிணியாலும் மாண்டோர் 40,000 க்கும் மேற்பட்டோராவர்.

அவன் இறந்தபின், 1944 பெப்ருவரியில் இக்கதை திரையேறிற்று. கஸ்தோனாகப் பியர் பிரெனே நடித்தார். அனூயியின் ‘அந்திகோன்’ நாடகம் அரங்கேறியதும் அம்மாதத்திலேயே ஆம். ஏழாண்டுகளிற் கதை மாறவில்லை. காண்போர் நிலையே மாறியிருந்தது. நாடகத்துக்கு இசையமைத்த யூதரான தாரியுஸ் மில்லோ 1940 இலேயே அமெரிக்கா சென்றுவிட்டார். படத்துக்கு இசையமைத்தவர் பிரான்சிஸ் பூலாங்க். 1940 இற் சிறைப்பட்ட பதினெட்டு இலட்சம் பிரெஞ்சு வீரருட் பெருந்தொகையினர் இன்னும் யேர்மனியிலேயே இருந்தனர். முன்னைய போரின் எச்சமாக அரங்கிற் காணப்பட்ட கதை, இப்பொழுது மகனுக்கும் கணவனுக்கும் காத்திருந்த இல்லங்களின் கதையாயிற்று.

கடந்தகாலத்தைத் துறக்கும் உரிமை மனிதனுக்கு உண்டோ என்பதே அனூயி எழுப்பிய வினா. கலையில் அதற்கு விடுதலை விடையாகலாம். வரலாற்றின் விடையோ வேறு. போரின் பின், 1948 இல், மொன்ஜுவனின் உடல் சொந்த ஊராகிய சென் மோரில் மீள அடக்கஞ் செய்யப்பட்டது. உயிரோடிருந்தபோது அவன் அறியாத தன் பெயரை, இறந்தபின் ஊரார் அவனுக்கு மீட்டளித்தனர்.