இடித்துரைப்போரை இழந்த நாடு



மக்கள் தாமாகக் கூடி அமைக்கும் சங்கங்களைச் சட்டத்தால் ஒடுக்கினால் நாட்டுக்கு நேர்வது யாது? ரஷ்யாவின் அண்மைக்கால வரலாறு இதற்கு விடை பகரும்.

1989ஆம் ஆண்டில், சோவியத் ஆட்சியின் அந்திப்பொழுதில், இரு அமைப்புகள் அங்கே தோன்றின. ஒன்று, ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளுக்கு இரையானோரின் பெயர்களைத் திரட்டிய 'மெமோரியல்'. விஞ்ஞானி சகாரொவ் அதன் முதல் தலைவர். மற்றையது படைவீரரின் அன்னையர் அமைத்த சங்கம். 1994இல் செச்சினியாவிற் போர் மூண்டது. அன்னையர் போர்க்களத்துக்கே சென்று தம் மைந்தரைத் தேடினர். மெமோரியல் அமைப்பினரோ பொதுமக்கள் பட்ட துன்பங்களைப் பதிவுசெய்தனர். போரின் உண்மை வீடுதோறும் எட்டியது. 1996இல் உடன்பாடு ஏற்பட்டது.

பின்னர், 2012இல் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுப் பணம் பெற்று அரசியல் அலுவல்களில் ஈடுபடும் சங்கங்கள் 'வெளிநாட்டு முகவர்' எனப் பதிவுசெய்ய வேண்டுமென அது விதித்தது. பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறன்று. ஆனால் 'அரசியல்' என்னுஞ் சொல்லுக்குத் தெளிவான எல்லை வகுக்கப்படவில்லை. அன்றியும், எண்ணற்றோரை ஒற்றர் என்று பழிசுமத்திச் சுட்டுக்கொன்ற நாட்டிலே 'முகவர்' என்பது வெறுஞ் சொல்லாகுமா?

2014 ஓகஸ்டில், கிழக்கு உக்ரேனில் ரஷ்யப் படையினர் காயமுறுவதுபற்றிப் பேசிய சென். பீற்றர்ஸ்பேர்க் அன்னையர் அமைப்புக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. 2021 டிசெம்பர் 28ஆந் திகதி, வெளியீடுகளில் 'முகவர்' என்ற அடையாளத்தை இடவில்லையென்று காரணங்காட்டி, மெமோரியலைக் கலைக்குமாறு அதியுயர் நீதிமன்றம் பணித்தது. இரு மாதங்கள் நிறையுமுன், 2022 பெப்ரவரி 24இல், ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குட் புகுந்தன. மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டமோ, படையினரைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவோருக்குப் பதினைந்து ஆண்டுவரை சிறை என்றது. அவ்வாண்டு நோபல் சமாதானப் பரிசிற் பங்குபெற்றபோது மெமோரியலுக்குத் தாய்நாட்டிற் சட்டபூர்வ இருப்பில்லை.

சங்கங்களை அடக்கிய சட்டமே போரை மூட்டியது என்று நான் கூறேன். போருக்குக் காரணங்கள் பல. ஆயினும் செச்சினியப் போரின்போது எத்துணைபேர் மாண்டனர் என்று துணிந்து கேட்க அன்னையர் இருந்தனர். உக்ரேன் போரின்போது அவ்வினாவே குற்றமாயிற்று.

வகுப்பிலே குறை கூறும் மாணவனை வெளியேற்றினால் அமைதி நிலவும். ஆனால் கூரை ஒழுகுகின்றது என்பதை ஆசிரியருக்கு அறிவிப்பார் எவர்? நாட்டுக்கும் இது பொருந்தும்.