வில், அம்பு செய்பொருட்கள்

வில், அம்பு செய்பொருட்கள் என்பவை வில்தண்டு, நாண், அம்புத்தண்டு, அம்புமுனை, இறகு ஆகியவற்றை ஆக்கப் பயன்படும் மரம், மூங்கில், கொம்பு, நார், உலோகம், செயற்கை இழை முதலியவை ஆகும். வில்வித்தையிலும், வில் இடம்பெறும் கணினி விளையாட்டுகளிலும் "எந்தப் பொருள் சிறந்தது?" என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. தனிப்பொருளுக்கு உரிய விடை இதற்கு இல்லை. வில்லும் நாணும் அம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால்தான் எந்தப் பொருளும் பயன்தரும். பொருந்தாவிட்டால் விலையுயர்ந்த பொருளும் எய்பவரின் கையைக் காயப்படுத்தக்கூடும்.

இயற்பியல் அடிப்படை

வில் என்பது ஒரு சுருள்வில்லைப் போன்றதே. நாணை இழுக்கும்போது கை செய்யும் வேலை, வளைந்த தண்டில் மீள்திறன் ஆற்றலாகச் சேர்கிறது. எடுத்துக்காட்டாக, முழு இழுப்பில் 18 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை (ஏறத்தாழ 176 நியூட்டன்) தேவைப்படும் வில் ஒன்றை அரை மீட்டர் தூரம் இழுத்தால், விசை சீராக உயர்வதாகக் கொண்டு கணக்கிட, சுமார் 44 சூல் ஆற்றல் சேரும். அதில் 70 விழுக்காடு அம்பைச் சேர்ந்தால், 25 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் புறப்படும்.

எஞ்சிய 30 விழுக்காடு எங்கே போகிறது என்பதில்தான் செய்பொருளின் தன்மை வெளிப்படுகிறது. அம்புடன் சேர்ந்து வில்லின் நுனிகளும் நாணும் முன்னோக்கிப் பாய்கின்றன. அவற்றின் எடை மிகுந்தால் ஆற்றல் அவற்றிலேயே தங்கிவிடும். எனவே வில்தண்டுக்கு உறுதி மட்டும் போதாது. முறியாமல் மிகுதியாக வளைய வேண்டும், எடையும் குறைவாக இருக்க வேண்டும். எஃகு மிக உறுதியானது. ஆயினும் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம் என்பதால் எஃகு வில் மெதுவாகவே மீள்கிறது.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது ஆபத்தானது. அம்பு எடுத்துச் செல்லவேண்டிய ஆற்றல் முழுவதும் தண்டுக்கும் நாணுக்கும் திரும்பி வில்லை உடைத்துவிடலாம். வில்லுக்குப் பொருந்தாத மிக இலேசான அம்பும் ஏறத்தாழ இதே விளைவைத் தரும். தொடக்கநிலை மாணவர்கள் முதலில் அறியவேண்டியது இதுவே.

வில்தண்டு

வளைந்த வில்லில் இலக்கை நோக்கிய புறப்பக்கம் இழுவிசையையும், எய்பவரை நோக்கிய உட்பக்கம் அமுக்குவிசையையும் தாங்குகின்றன. மூங்கிலின் வலிமையான நார்கள் அதன் வெளித்தோலை ஒட்டியே அடர்ந்துள்ளன. ஆகவே பட்டையாகப் பிளந்த மூங்கிலில் வில் செய்வோர் தோற்பக்கத்தைச் செதுக்காமல் புறப்பக்கமாக வைத்து, உட்பக்கத்தை மட்டும் இழைப்பது வழக்கம். கணுவைச் சமன்செய்யும் ஆர்வத்தில் தோலை அறுத்துவிட்டால் வில் அவ்விடத்திலேயே முறியும். இளமூங்கிலில் மாவுச்சத்து மிகுதியாதலால் பூச்சி எளிதில் துளைக்கும். முதிர்ந்த கழியை வெட்டி நிழலில் உலர்த்திய பின்னரே பயன்படுத்துகின்றனர்.

ஐரோப்பாவின் யூ மரத்தில் இந்த இருவகைத் தாங்குதிறனும் ஒரே கட்டையில் இயல்பாக அமைந்துள்ளன. அதன் வெண்கட்டை இழுவிசையையும் வைரக்கட்டை அமுக்குவிசையையும் நன்கு தாங்கும். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொணரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் சிதைவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர நெடுவில்கள் கிடைத்தன.

நடு ஆசியாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்ந்த கூட்டுவில்லில் மரச்சட்டத்தின் உட்பக்கத்தில் கொம்பும் புறப்பக்கத்தில் விலங்கின் தசைநாணும் ஒட்டப்பட்டன. குதிரைமீது எளிதில் கையாளத்தக்க குறுகிய நீளத்தில் மிகுந்த ஆற்றலைத் தேக்கும் வில் இது. ஆனால் தோல், மீன் ஆகியவற்றிலிருந்து பெறும் பசை ஈரத்தில் இளகும் இயல்புடையது. மழைக்காலம் நீண்ட நாடுகளில் இது பெரும் குறை. முகலாயர் கால இந்தியாவில் எஃகு வில்களும் செய்யப்பட்டன. வேகம் குறைவாயினும், படைக்கலக் கொட்டிலில் நெடுநாள் கிடந்தாலும் அவை கெடுவதில்லை.

அர்த்தசாத்திரப் பட்டியல்

ஓசூருக்கு மேற்கே உள்ள மைசூரின் கீழ்த்திசை நூலகத்தில் ஆர். சாமசாத்திரி 1905-இல் கண்டெடுத்து 1909-இல் பதிப்பித்த அர்த்தசாத்திரம், படைக்கலச் சாலை குறித்த பகுதியில் செய்பொருட்களை வகைப்படுத்துகிறது. பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவை வில்லுக்கு உரியவை. நாணுக்கு மூர்வை, எருக்கு, சணல், மூங்கில் ஆகியவற்றின் நாரும் விலங்கின் தசைநாணும் கூறப்படுகின்றன. அம்புமுனைகள் வெட்டவும் துளைக்கவும் அடிக்கவும் முறையே இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் ஆனவை. ஒவ்வொரு பணிக்கும் வேறு பொருள் என்ற பார்வை இதில் தெளிவாகத் தெரிகிறது.

இப்பட்டியலில் உள்ள தாவரங்களுள் பல தமிழகத்தின் வறண்ட நிலங்களில் சாதாரணமாகக் காணப்படுபவை. எருக்கு சாலையோரச் செடி. மரல் எனப்படும் கற்றாழை போன்ற செடியின் நாரும் நாணாகத் திரிக்கப்பட்டது. நல்ல நாண் இழுக்கும்போது நீளக் கூடாது. நீண்டால் ஆற்றல் வீணாகும். பாலியெசுட்டர் நாண் சிறிது நீளும் இயல்புடையதால் பழைய மர வில்களுக்கு ஏற்றது. மிகக் குறைவாகவே நீளும் மிகையுயர் மூலக்கூற்று எடைப் பாலியெத்திலீன் நாணை அவற்றில் பூட்டினால் நுனிகள் பிளக்கலாம்.

அம்பு

நாணை விட்டவுடன் அம்பு நேராகச் செல்வதில்லை. பக்கவாட்டில் வளைந்து, வில்தண்டைச் சுற்றி நெளிந்து, பின்னரே நேர்ப்படுகிறது. 1930-களில் கிளாரன்சு இக்குமன் எடுத்த அதிவேகப் படங்கள் இதனைக் காட்டின. எனவே அம்புத்தண்டின் விறைப்பு வில்லின் விசைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மிக விறைத்த தண்டு ஒரு பக்கமும் மிக நெகிழ்ந்த தண்டு மறுபக்கமும் விலகிச் செல்லும்.

நாணல், சிறுமூங்கில் ஆகியவை உள்ளீடற்றவை என்பதால் எடை குறைந்து விறைப்பு மிகுந்தவை. 1940-களில் அமெரிக்காவில் அலுமினியக் குழாய் அம்புகள் விற்பனைக்கு வந்தன. ஒரே அளவில் நூறு அம்புகளைச் செய்ய முடிந்ததே அவற்றின் வெற்றிக்குக் காரணம். கரிம இழை அம்பு (அடர்த்தி சுமார் 1.6) அலுமினியத்தைவிட (2.7) இலேசானது. ஆனால் அலுமினியம் வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். கரிம இழையில் ஏற்படும் மயிரிழை விரிசல் தெரியாது. அடுத்த எய்தலில் சிதறிக் கையில் ஏறலாம். ஒவ்வொரு முறையும் தண்டை மெல்ல வளைத்துச் சோதிப்பது இதனால்தான்.

இறகுகள் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இரு பக்கத்தையும் கலந்தால் அம்பு சீராகச் சுழலாது.

ஓசூர் - கிருட்டிணகிரிப் பகுதி

கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களும் அவற்றை அடுத்த செங்கம் பகுதியும் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. ஆநிரைப் போரில் இறந்த வீரர்கள் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளும் ஏந்தி இக்கற்களில் நிற்பதைக் காணலாம். கல்லில் வில்லின் வடிவம் நிலைத்தது. மூங்கிலும் நாரும் மண்ணில் மட்கிவிட்டன. இரும்பு ஓரளவு எஞ்சுகிறது. இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172-ஐ ஒட்டியது எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது.

ஓசூரை அடுத்த சானமாவு காப்புக்காடு, கருநாடகத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் வந்து தங்கும் காடு. மூங்கில் யானைகளின் உணவுமாகும். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் இந்திய வனச் சட்டத்தில் "மரம்" என்ற வரையறையில் வராது. காப்புக்காட்டு மூங்கிலுக்கு இத்தளர்வு இல்லை. எனவே வில்லுக்கான கழியைத் தோட்டத்து மூங்கிலில் பெறுவதே முறை. வேட்டையாடுதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

மூங்கில் வில் வழக்கொழிந்துவிடவில்லை. இந்தியச் சுற்று எனப்படும் போட்டிப்பிரிவில் 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் இன்றும் மூங்கில் அல்லது மர வில்லே பயன்படுகிறது. இறக்குமதி வில் வாங்க இயலாத மாணவர்களுக்கு இப்பிரிவே நுழைவாயில்.

கணினி விளையாட்டுகளில்

2011-இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்ட் விளையாட்டில் மூன்று குச்சிகளும் மூன்று நூல்களும் சேர்ந்தால் வில் கிடைக்கும். சிக்கிமுக்கிக் கல், குச்சி, இறகு ஒவ்வொன்று சேர்ந்தால் நான்கு அம்புகள் கிடைக்கும். இதற்கென விளையாடுவோர் எழுதிய டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட் என்ற கூடுதல் நிரலின் 1.12 பதிப்பில் வில்தண்டு, நாண், அம்புமுனை, அம்புத்தண்டு, இறகு ஒவ்வொன்றுக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். வில்தண்டுப் பொருளுக்கு இழுக்கும் வேகம், எட்டும் தொலைவு, கூடுதல் தாக்கம் என மூன்று எண்கள் உண்டு. மரம் விரைவாக இழுபடும். இரும்பு மெதுவாக இழுபட்டாலும் தொலைவும் தாக்கமும் மிகுதி.

உண்மையான எஃகு வில்லின் மெதுவான மீட்சியை இங்கு இழுக்கும் நேரமாக மாற்றியிருப்பது ஏற்கத்தக்க எளிமைப்படுத்தலே. அம்பின் விறைப்பு வில்லின் விசைக்குப் பொருந்த வேண்டும் என்ற விதி மட்டும் இதில் இல்லை. எந்த அம்பும் எந்த வில்லிலும் நேராகவே செல்லும். மைன்கிராஃப்டின் உயிர்பிழைப்பு முறையில் அம்பு கைவசம் இல்லையெனில் வில்லை இழுக்கவே இயலாது. ஆதலால் வெற்று நாணை விட்டு வில்லை உடைக்கவும் அங்கு வழியில்லை.