மணிவிழா

மணிவிழா அல்லது சஷ்டியப்தபூர்த்தி என்பது ஒருவர் அறுபது வயதை நிறைவு செய்யும்போது இந்துக்களில் பலர் நடத்தும் வாழ்க்கைச் சடங்கு ஆகும். இது அறுபதாம் கல்யாணம் எனவும் அழைக்கப்படுகிறது. பொருளீட்டும் விரைவைக் குறைத்து, நிதானமாக வாழத் தொடங்கும் பருவத்தின் எல்லையாக இது கருதப்படுகிறது. மயிலாடுதுறை மாவட்டம், திருக்கடையூரில் உள்ள அமிர்தகடேசுவரர் கோயில் இவ்விழாவுக்குப் பெயர்பெற்றது.

அறுபது ஆண்டுச் சுழற்சி

சூரியனைச் சுற்றிவர வியாழனுக்கு ஏறக்குறைய 12 ஆண்டுகளும் சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளும் ஆகின்றன. எனவே ஒருவர் பிறந்தபோது இவ்விரு கோள்களும் இருந்த நிலைக்கு அருகில் அவை மீண்டும் ஒருசேர வருவதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகள் தேவை. தமிழ் ஆண்டுப் பெயர்களும் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆகும். எடுத்துக்காட்டாக, 1965 ஏப்ரலில் தொடங்கிய விசுவாவசு ஆண்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியது. பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வருவதால் வாழ்வின் ஒரு சுற்று முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.

திருக்கடையூர்

இத்தலம் அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. பதினாறு வயதில் இறக்கவிருந்த மார்க்கண்டேயரைக் காக்கச் சிவபெருமான் எமனை உதைத்த இடம் இதுவே என்பது தொன்மம். ஆகவே நீண்ட ஆயுளை வேண்டும் சடங்குகள் இங்கு மிகுதியாக நடைபெறுகின்றன. 70 வயதில் பீமரத சாந்தியும், 80 வயதையொட்டிச் சதாபிசேகமும் செய்யப்படுகின்றன.

சடங்கு முறை

கலசங்களில் நீர் நிரப்பி வேள்வி செய்யப்படும். பின்னர் பிள்ளைகளும் உறவினர்களும் அந்நீரைத் தம்பதியர் மீது ஊற்றுவர். கணவர் மனைவிக்கு மீண்டும் தாலி அணிவிப்பார். இளையோர் வணங்கி வாழ்த்துப் பெறுவர். திருமணத்தைப் பெற்றோர் நடத்தி வைப்பது போல, மணிவிழாவைப் பெரும்பாலும் பிள்ளைகள் முன்னின்று நடத்துகின்றனர். குடும்பப் பொறுப்பு அடுத்த தலைமுறைக்குச் செல்வதை இது உணர்த்துகிறது.

நிதானமும் ஓய்வும்

முதுமையில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி, அறத்தில் மனம் செலுத்தி வாழ்வதைத் தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது. வீட்டைத் துறக்காமலேயே வாழ்வின் வேகத்தைக் குறைக்கும் நெறி இது. தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. இதனால் அவர்களுக்குப் பணி ஓய்வும் மணிவிழாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அமைகின்றன.

எனினும் இந்த ஓய்வு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. மணிவிழாவுக்குப் பொதுவாகக் கணவரின் வயதே கணக்கிடப்படுகிறது. மனைவியின் சமையல், பராமரிப்பு வேலைகளுக்கு ஓய்வு வயது என்று ஒன்று இல்லை. காவிரிப் படுகையின் வயல்களில் கூலிக்கு நடவும் களையெடுப்பும் செய்வோரின் நிலையும் இதுவே. ஆகவே மணிவிழா குறிக்கும் நிதானம், வீட்டு வேலையையும் வருவாய்ப் பொறுப்பையும் பிறர் பகிர்ந்துகொள்ளும்போதே நடைமுறையில் கைகூடுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- அட்ட வீரட்டானம்
- அபிராமி அந்தாதி
- தமிழ் ஆண்டுகள்